பெர்னடெட் வீட்டில் டாம்சின்

ஜனவரி 9, வியாழன்

என் வீட்டுக்காரன் கிளைவைப் படியில் இறக்கிக்கொண்டிருக்கும்போதுதான் போன் அடிக்க வேண்டுமா? ஒரு கையில் அவன் இடுப்பு வார், இன்னொரு கையில் போன். இமோஜன் கெர்ஷா என்று ஒரு பெண். எங்கள் ஊர்க் கவுன்சில் வெளியூரிலிருந்து கூட்டி வந்திருக்கிறதாம். பெற்றோரிடம் இருக்க முடியாமல் கவுன்சில் பொறுப்பில் வளரும் பிள்ளைகளுக்கு எவ்வளவு செலவாகிறது, அந்தச் செலவுக்குத் தகுந்த வளர்ப்பு கிடைக்கிறதா என்று பார்க்க அவள் தலைமையில் ஒரு ஆய்வுக் குழு அமைக்கிறார்கள். வளர்ப்புத் தாய்மார்கள் சார்பில் ஒருவர் வேண்டுமாம்.

"பதினாறு வருஷமா பிள்ளைங்கள வளர்க்கிறீங்க லோர்னா. உங்களைவிட யாரு?"

இப்போது என் வீட்டில் எந்தப் பிள்ளையும் இல்லை என்றேன்.

"அதுவும் நல்லதுதான். நேரம் இருக்கும்."

நாக்கைக் கடித்துக்கொண்டு சரி என்றேன்.

ஜனவரி 11, சனி

பார்த்துவிட்டேன். சூப்பர் மார்க்கெட்டில். டாம்சினும் அந்த பெர்னடெட் ஓக்லியும்.

முடியை வெட்டியிருக்கிறாள். காது தெரிகிற அளவுக்கு. ஒன்பது வயதில் எங்கள் வீட்டுக்கு வந்ததிலிருந்து நாலு வருஷம் அந்த முடியைப் பின்னிவிட்டவள் நான். பேன் பார்த்தவள் நான். யாரைக் கேட்டு வெட்டினாள்?

பெர்னடெட் வண்டியைத் தள்ளிக்கொண்டு போக, டாம்சின் அலமாரியிலிருந்து எதையோ எடுத்து உள்ளே போட்டாள். கேட்கவில்லை. எடுத்தாள், போட்டாள். எங்கள் வீட்டில் ஒரு பிஸ்கட் எடுக்கக்கூட என் முகத்தைப் பார்ப்பாள். அதுதான் குத்தியது.

பூனை உணவு அலமாரிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். ஐம்பத்தெட்டு வயதில். எங்கள் வீட்டில் பூனைகூடக் கிடையாது.

போன மே மாதம் கிளைவ் பக்கவாதத்தில் விழுந்தபோது, "ரெண்டே வாரம்தான், கவுன்சில் தாய்மாருங்ககிட்ட இப்ப இடம் இல்ல, தனியார் ஏஜென்சி மூலமா ஒருத்தங்க இருக்காங்க" என்றுதான் டாம்சினைக் கூட்டிக்கொண்டு போனார்கள். ரெண்டு வாரம்! நான் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் ஓடி முடித்து, சரி அனுப்புங்கள் என்றால், "இங்கயே இருக்கேன்" என்று சொல்லிவிட்டாளாம். என்னிடம்கூட இல்லை. சமூகப் பணியாளரிடம்.

அப்படி என்ன மருந்து வைத்தாள் அந்தப் பெர்னடெட்?

ஜனவரி 16, வியாழன்

முதல் கூட்டம். டவுன் ஹால் மாடியில், ஹீட்டர் ஒரு பக்கம் கொதிக்க, மறுபக்கம் விறைக்க.

டீ இடைவேளையில் இமோஜனைத் தனியாகக் கூப்பிட்டு, ஏஜென்சி வீட்டில் இருக்கிற ஒரு பெண் நான் வளர்த்தவள் என்று சொல்லிவிட்டேன். கொஞ்சம் யோசித்தாள். "அந்த வீட்டுக்கு நீங்க ஆய்வுக்குப் போக வேண்டாம். அந்தப் பொண்ணு பேச்சு வந்தா வெளியில போயிடுங்க. மத்தபடி இருங்க. இந்தச் சின்ன ஊர்ல யாருக்கு யாரைத் தெரியாது?" என்றாள். வயது முப்பத்தைந்துகூட இருக்காது. ஆனால் நேராகப் பேசுகிறாள்.

கணக்குப் பிரிவு ஆள் சுவரில் படம் போட்டுக் காட்டினான். ஒரே ஊர், ஒரே வயதுப் பிள்ளை. எங்களைப் போல் கவுன்சிலின் நேரடி வளர்ப்புத் தாயிடம் இருந்தால் ஒரு செலவு. தனியார் ஏஜென்சி வழியாக இருந்தால் அதைப் போல் இரண்டு மடங்கு.

இரண்டு மடங்கு!

அப்படியானால் டாம்சினை அங்கே வைத்திருப்பது கவுன்சிலுக்குக் கட்டுப்படியாகுமா? எல்லாரும் கவலையாக முகத்தை வைத்துக்கொண்டிருந்தார்கள். நானும் வைத்துக்கொண்டேன்.

ஜனவரி 17, வெள்ளி

பாத்திரம் கழுவும்போது பாடிக்கொண்டிருந்தேனாம். கிளைவ் சொன்னான்.

பிப்ரவரி 4, செவ்வாய்

இன்று இரண்டு இடம் பார்த்தோம், இமோஜனும் நானும்.

காலையில் ஒரு தனியார் விடுதி. ஐந்து பிள்ளைகள். தோல் சோபா, புதுக் கம்பள வாசனை, வாசலில் பெரிய பெயர்ப்பலகை. குளிர்சாதனப் பெட்டியில் பூட்டு. பூட்டு! பிள்ளைகள் பசித்தால் ஆளைக் கூப்பிட்டுச் சாவி கேட்க வேண்டும். விடாமல் எழுதித் தள்ளினேன். இமோஜன் என் கையைப் பார்த்துவிட்டு, "பேனா தீர்ந்துடப் போகுது" என்றாள்.

மத்தியானம் கிளெனிஸ் வீடு. என் பழைய சிநேகிதி, கவுன்சிலுக்காக மூன்று பிள்ளைகளை வளர்க்கிறாள். வீடு சந்தைக்கடை மாதிரி இருந்தது. துணி துவைக்கும் அறைக்கு என்னை இழுத்துக்கொண்டு போய் அழுதாள். இலையுதிர் காலத்திலிருந்து கவுன்சில் ஆள் ஒருவர்கூட வந்து எட்டிப் பார்க்கவில்லையாம். பெரியவன் ஜன்னலை உடைத்திருக்கிறான். "யாரைக் கூப்பிடுறது லோர்னா? கூப்பிட்டா மெஷின்தான் பேசுது."

அவள் முதுகைத் தடவிக்கொடுத்தேன். காரில் ஏறியதும் இமோஜன், "இங்க ஒண்ணும் எழுதலையே?" என்று கேட்டாள். அப்புறம் எழுதுகிறேன் என்றேன்.

எழுதவில்லை. எழுதினால் எங்கள் பக்கம் தாழ்ந்துவிடும். எங்கள் பக்கம் தாழ்ந்தால் டாம்சின் அங்கேயே—

பிப்ரவரி 13, வியாழன்

ஏஜென்சித் தாய்மார்களைக் கூப்பிட்டுக் கேட்டோம். பெர்னடெட் வரவில்லை. வந்திருந்தால் நான் வெளியே போயிருக்க வேண்டும். வந்தவள் வேறு யாரோ, சிவந்த கன்னங்களும் பெரிய கைப்பையுமாக.

வாரம் ஒரு ஆள் வீட்டுக்கு வந்து உட்கார்ந்து பேசுகிறாராம். மாதத்தில் ஒரு சனி ஞாயிறு ஓய்வாம். பிள்ளைகள் மனசு விட்டுப் பேச ஒரு ஆலோசகர் அம்மா இருக்கிறாளாம். எந்த நேரத்தில் போன் செய்தாலும் ஒரு மனுஷக் குரல் எடுக்குமாம்.

"அந்த ரெட்டைப் பங்கு உங்க கைக்கு வருதா?" என்று கேட்டேன்.

சிரித்துவிட்டாள். "உங்களைவிடக் கொஞ்சம் கூட வரும். மீதியில இந்த ஆளுங்களுக்கெல்லாம் சம்பளம். அதுக்கும் மேல இருக்கிறது முதலாளிமாருக்கு. அவங்களை நான் பார்த்ததே இல்ல."

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்த மே மாதம்தான் நினைவு. ஆஸ்பத்திரி நடையில் நின்றுகொண்டு கவுன்சிலுக்குப் போன் அடித்தேன், அடித்தேன். மெஷின்தான் பேசியது: அலுவலகம் திங்கட்கிழமை திறக்கும், வணக்கம்.

பெர்னடெட் மேல் எனக்கு டாம்சினுக்காக மட்டும் பொறாமை இல்லை போலிருக்கிறது. போனை எடுக்கிறார்களாமே!

மார்ச் 4, செவ்வாய்

பான்கேக் நாள். ஈஸ்டர் நோன்புக்கு முன்னால் ஊரே பான்கேக் சுடுகிறது. இரண்டு பேருக்கு எவ்வளவு மாவு கரைப்பது என்று எனக்கு இன்னும் வரவில்லை. மிச்சத்தைச் சாக்கடையில் ஊற்றினேன். அங்கே டாம்சின் தவாவிலிருந்து தூக்கிப்போட்டுப் பிடித்துக்கொண்டிருப்பாள். அந்தப் பெர்னடெட் கைதட்டிக்கொண்டிருப்பாள்.

மார்ச் 11, செவ்வாய்

முடிவு கிட்டத்தட்ட வந்துவிட்டது. கவுன்சில் தாய்மார்களில் இடம் இருக்கிறவர்கள் வீடுகளுக்கு, ஏஜென்சி வீடுகளில் இருக்கிற பிள்ளைகளை ஒவ்வொருவராகக் கொண்டுவந்துவிடலாம் என்று கணக்குப் பிரிவின் யோசனை. செலவு பாதியாகும். யார் ஆதரவு என்று இமோஜன் கேட்டாள்.

முதலில் எழுந்த கை என்னுடையது.

யாருடைய பேரையும் யாரும் சொல்லவில்லை. எனவே நான் வெளியே போகவேண்டியிருக்கவில்லை. இல்லையா?

மார்ச் 14, வெள்ளி

போன்! டாம்சினின் சமூகப் பணியாளர், புதுப் பெண். "உங்க வீட்ல அந்த ரூம் இன்னும் காலியா இருக்கா?" அவள் முடிப்பதற்குள் இருக்கு என்றேன். முதலில் வரப்போகிற பிள்ளைகளில் டாம்சினும் உண்டாம். ஈஸ்டருக்குப் பிறகு.

அவளைக் கேட்டீர்களா என்றேன். கேட்டார்களாம். "எப்படியும் உங்க இஷ்டத்துக்குத்தானே செய்வீங்க" என்றாளாம்.

"மாட்டேன்னு சொல்லலையே" என்றாள் அந்தப் பெண்.

சொல்லவில்லைதான்.

மார்ச் 16, ஞாயிறு

அவள் அறைக்கு மஞ்சள் அடித்தேன். கிளைவ் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். இப்போதெல்லாம் ஒவ்வொரு சொல்லாகத்தான் வருகிறது அவனுக்கு.

"அவளை... கேட்டியா?"

"கேட்டாங்களாம்."

"நீ."

உருளையைப் பெயிண்டில் முக்கி முக்கி எடுத்தேன். ஜன்னல் ஓரம் கொஞ்சம் வழிந்துவிட்டது.

பெர்னடெட் இப்போது என்ன செய்துகொண்டிருப்பாள்? பெட்டி கட்டிக்கொண்டிருப்பாள். கட்டட்டும். எனக்கும் ஒருநாள் கட்டவேண்டி வந்ததே.

மார்ச் 20, வியாழன்

நடந்ததை அப்படியே எழுதிவிடுகிறேன்.

சாயங்காலம் மணி அடித்தது. திறந்தால் பெர்னடெட். கோட்டு சொட்டச் சொட்ட. கிட்டத்தில் பார்த்தால் என் வயதுதான். கண்ணுக்குக் கீழே வீங்கிக் கருத்திருந்தது.

"உள்ள வரலாமா?"

"வந்தாச்சே."

உட்காரச் சொல்லவில்லை. சமையலறையில் நின்றபடியே பேசினோம். அவள் தரையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள், எதையோ தேடுகிற மாதிரி. தரை அழுக்காக இருக்கிறதோ என்று நினைத்து எனக்கு எரிச்சல்.

"அவளைக் கூட்டிக்கிறதுக்கு முன்னாடி ஒரு விஷயம் உங்களுக்குத் தெரியணும். அவகிட்ட கேட்டுட்டுத்தான் வந்திருக்கேன். 'என்னால முடியாது, நீயே சொல்லு'ன்னா."

பெர்னடெட் சொன்னது இதுதான். கிளைவ் விழுந்த அன்று காலையில் நான் கடைக்குப் போயிருந்தேன். தன் போனைப் பிடுங்கி வைத்துவிட்டான் என்று டாம்சின் அவனோடு சண்டை போட்டிருக்கிறாள். "நீ செத்துத் தொலை" என்று கத்திவிட்டு மாடிக்கு ஓடியிருக்கிறாள். கொஞ்ச நேரம் கழித்து இறங்கி வந்தால் இந்தத் தரையில், இந்த அடுப்புக்கு முன்னால் கிளைவ். வாய் கோணிக்கொண்டு. ஆம்புலன்சைக் கூப்பிட்டது அவள்தான் என்று எனக்குத் தெரியும். சமத்துப் பெண் என்று எல்லாரிடமும் சொல்லியிருக்கிறேன். அந்த வார்த்தை தெரியாது. கிளைவும் சொன்னதில்லை.

"தான் சொன்னதாலதான் ஆச்சுன்னு நெனச்சுக்கிட்டு இருந்தா. என்கிட்டயும் மூச்சு விடல. ஏஜென்சி ஆலோசகர் அம்மாகிட்ட வாரா வாரம் போய் உக்காந்து, கிறிஸ்துமஸ் கழிச்சுத்தான் வாயைத் திறந்தா. இந்தச் சமையலறைக்குள்ள எப்படி வருவா லோர்னா? இங்க வந்தா அந்த அம்மாவும் கிடையாதாமே."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமே! நாலு வருஷம்! நாலு வருஷம் என் மடியில—"

"உங்க மூஞ்சில முழிக்க முடியாமத்தான் அங்கயே இருக்கேன்னா. என்னைப் பிடிச்சுப்போய் இல்ல."

அப்போதுதான் உட்காரச் சொன்னேன். நானும் உட்கார்ந்தேன்.

டீ போட்டேன். அவள் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமலே இருந்தாள். பிறகு திடீரென்று, "ஒண்ணு சொல்லட்டுமா? தப்பா எடுத்துக்காதீங்க. பத்து மாசமா நான் உங்களோடதான் குடும்பம் நடத்துறேன். லோர்னா துண்டை இப்படி மடிக்க மாட்டா. லோர்னா உருளைக்கிழங்கைத் தோலோடதான் வேகவைப்பா. லோர்னா வீட்ல ஞாயித்துக்கிழமை ரேடியோ ஓடும். ஒருநாள் பொறுக்க முடியாம, 'அப்போ லோர்னாகிட்டயே போயேன்டி'ன்னு சொல்லிட்டேன். ரெண்டு நாள் என்கூடப் பேசல" என்றாள்.

எனக்கு உள்ளுக்குள் என்ன வந்தது தெரியுமா? சந்தோஷம். ஒரு பிள்ளை இவ்வளவு நாள் எதைச் சுமந்திருக்கிறாள் என்று இப்போதுதான் கேட்டிருக்கிறேன், அந்த நேரத்தில் போய் ஒரு கேவலமான சந்தோஷம். துண்டைப் பற்றி இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்கலாமா என்று இருந்தது.

"உங்களுக்கு ரெண்டு மடங்கு கொடுக்கிறாங்களே" என்றேன். வாயில் வேறு எதுவும் வரவில்லை.

"எனக்கா? என் கார்ல ஹீட்டர் செத்து ஒரு மாசம் ஆச்சு" என்றாள். மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "ஆனா ராத்திரி அவ அலறி எழுந்தப்போ நான் ஏஜென்சிக்குக் கூப்பிட்டேன். எடுத்தாங்க. என்ன பண்ணணும்னு சொன்னாங்க. அது இல்லேன்னா நானும் ரெண்டு வாரத்துல திருப்பி அனுப்பியிருப்பேன்."

வாசல்வரை போய் வழியனுப்பினேன். காரில் ஏறுமுன், "முடிவு உங்களோடது" என்றாள். கெஞ்சவில்லை. கெஞ்சியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

மார்ச் 21, வெள்ளி

கிளைவிடம் சொன்னேன். பாதி வாயால் சிரித்தான்.

"அந்த வாரம்... நீயும்தான்... சொன்ன."

செத்துத் தொலை என்று நானுமா? சொல்லியிருப்பேன். குப்பைத் தொட்டி விஷயமாக.

போனைக் கேட்டான். அவனால் பிடிக்க முடியாது, ஸ்பீக்கரில் போட்டு மேஜைமேல் வைத்தேன். பெர்னடெட் எடுத்து டாம்சினிடம் கொடுத்தாள்.

"சீஸ்" என்றான் கிளைவ். "வெண்ணெய். சிகரெட். டாக்டர்... சொன்னாரு. நீ... இல்ல."

அந்தப் பக்கம் அழுகை. ரொம்ப நேரம். அவன் கையை மேஜைமேல் போனுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டான்.

"இன்னும் சிகரெட் குடிக்கிறியா?"

"இல்ல."

"பொய் சொல்லாத கிளைவ்."

"ஒண்ணு."

சிரித்துவிட்டாள். அழுகைக்கு நடுவே. அந்தச் சிரிப்பைக் கேட்டு எவ்வளவு நாளாயிற்று.

போனை என்னிடம் கொடுக்கச் சொல்லி அவள் கேட்கவில்லை. அவனோடு பேசிவிட்டு வைத்துவிட்டாள். படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன். எனக்கு இப்போது கிளைவ் மேலும் பொறாமை. நான் ஒரு மனுஷியா?

மார்ச் 24, திங்கள்

வேண்டாம் என்று சொன்னால், லோர்னாவுக்கு நான் வேண்டாமாம் என்று நினைத்துக்கொள்வாளே. கூட்டிக்கொண்டு வந்தால் இந்தத் தரையைத் தினமும் பார்ப்பாளே. நாள் முழுக்க இதே. மஞ்சள் பெயிண்ட் வாசனை வீடெல்லாம்.

மார்ச் 25, செவ்வாய்

நானே கூப்பிட்டேன். "டாம்சின், நீ எங்க இருக்கணும்னு நீ சொல்லு. எங்க இஷ்டம் இல்ல, உன் இஷ்டம்."

"நீ கோவிச்சுப்ப."

"கோவிச்சுப்பேன்தான். அதனால என்ன? எனக்குக் கோவம் வராத நாள் ஏது?"

"இங்கயே" என்றாள். பிறகு அவசரமாக, "உன்கிட்ட வரமாட்டேன்னு இல்ல, லோர்னா" என்றாள்.

மார்ச் 27, வியாழன்

கடைசிக் கூட்டம். எழுந்து நின்றேன். பேசிப் பழக்கம் இல்லை, மேஜையைப் பிடித்துக்கொண்டேன்.

"அன்னைக்கு முதல்ல கை தூக்கினது நான். என் வீட்டுக்கு ஒரு பொண்ணு திரும்பி வரணும்னு தூக்கினேன். அந்த ஓட்டு கணக்குல வேண்டாம்" என்றேன். கணக்குப் பிரிவு ஆள் பேனாவைக் கீழே வைத்தான்.

கிளெனிஸை முன்னாலேயே கேட்டிருந்தேன், "சொல்லு, எல்லாத்தையும் சொல்லு" என்றிருந்தாள். சொன்னேன். ஜன்னல், அழுகை, மெஷின் எல்லாம்.

"முதலாளிங்க பாக்கெட்டுக்குப் போற பங்கு அநியாயம். அதை நல்லா எழுதுங்க. பூட்டு போட்ட அந்த விடுதியையும் எழுதுங்க. ஆனா மீதிப் பங்கு என்ன தெரியுமா? போனை எடுக்கிற ஒரு ஆளு. பிள்ளைகூட உக்காந்து பேசுற ஒரு ஆளு. அது எனக்கு இருந்திருந்தா என் பொண்ணு என்னை விட்டுப் போயிருக்க மாட்டா. நாங்க மலிவு இல்ல. எங்களுக்குக் கொடுக்கல, அவ்வளவுதான். இப்ப மலிவு பார்த்துப் பிள்ளைங்களைத் தூக்கிட்டு வந்தீங்கன்னா, அவங்க ரெண்டாவது தடவை உடைவாங்க."

யாரும் கைதட்டவில்லை. இமோஜன் மட்டும் வெளியே வரும்போது, "உங்க ஓட்டு எதுக்குன்னு எனக்கு அன்னைக்கே தெரியும். நீங்க சொல்றவரைக்கும் காத்துக்கிட்டிருந்தேன்" என்றாள். சொல்லாவிட்டால் என்ன செய்திருப்பாள் என்று கேட்கத் துணிவு வரவில்லை.

ஏப்ரல் 29, செவ்வாய்

கவுன்சில் ஒப்புக்கொண்டது இவ்வளவுதான்: பிள்ளை தானாகக் கேட்டாலொழிய யாரையும் இடம் மாற்றுவதில்லை. எங்களுக்கும் சனி ஞாயிறு உட்பட போன் எடுக்க ஆள், ஆனால் ராத்திரி பத்து மணி வரைக்கும்தான். ஆலோசகர் ஊர் முழுக்க ஒரே ஒருவர். "பத்து மணிக்கு மேல பிள்ளைங்க எல்லாம் தேவதையா மாறிடும்னு நெனப்பு" என்கிறாள் கிளெனிஸ். ஆனால் நேற்று அவள் கூப்பிட்டதற்கு எடுத்துவிட்டார்களாம். பேச விஷயமில்லாமல் சும்மா கூப்பிட்டுப் பார்த்திருக்கிறாள்.

மே 16, வெள்ளி

டாம்சின் சாப்பிட வந்தாள். முதல் தடவை.

சமையலறை வாசலில் நின்றுவிட்டாள். நான் திரும்பிப் பார்க்காமல் அடுப்பைக் கவனித்துக்கொண்டிருந்தேன். கிளைவ் தரையில் தன் தடியால் ஒரு தட்டுத் தட்டி, "இங்கதான்... வா" என்றான். வந்தாள். அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் கழித்து அவனுடைய அசையாத கையை எடுத்து, விரல் விரலாக மடக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கறி பை, மாவுக்குள் கறி வைத்துச் சுட்டது. மூன்று தட்டு சாப்பிட்டாள். மூன்றாவது தட்டை அவளே போட்டுக்கொண்டாள், என் முகத்தைப் பார்க்காமல்.

ஏழு மணிக்கு வெளியே ஹாரன். சட்டென்று எழுந்து ஷூவை மாட்டினாள், நாடாவைக்கூடக் கட்டாமல். அந்த அவசரம் எனக்குச் சுருக்கென்றது. கூடவே வாசலுக்குப் போனேன். பெர்னடெட் காரிலிருந்து இறங்கி நின்றுகொண்டிருந்தாள். என்னைப் பார்க்கவில்லை. டாம்சின் முகத்தையே பார்த்தாள், கண், கன்னம், வாய் என்று ஒவ்வொன்றாக. எங்கள் வீட்டில் ரொம்ப சந்தோஷமாக இருந்துவிட்டாளோ என்று.

"என்னங்க, ஒழுங்காவே சாப்பிடல" என்றேன் சத்தமாக. "உங்க சமையல் பழகிப்போச்சு போல."

டாம்சின் வாயைப் பிளந்துகொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள். பெர்னடெட் முகம் அப்படியே தளர்ந்தது; சிரித்துக்கொண்டே கார் கதவைத் திறந்துவிட்டாள்.

தட்டுகளைக் கழுவும்போது கொஞ்சம் கடுப்பாகத்தான் இருந்தது. அந்தப் பொய்யைப் பெர்னடெட் அவ்வளவு சுலபமாக நம்பிவிட்டாளே என்று.